கல்லுக்கு உமி எங்கே?

மூக்காயி அக்காவிடம் நான் முதன்முதலில் வாங்கியது ஓர் அறை. அவள் ஒரு காலை ஆட்டோவிலும் ஒரு காலை ரோட்டிலும் வைத்திருந்தபோது நான் அவசரத்தில் கியரைப் போட்டுவிட்டேன். விழுந்தவள் எழுந்து, முழங்காலில் வந்த ரத்தத்தைக்கூடப் பார்க்காமல், நேராக முன்னால் வந்து கன்னத்தில் ஒன்று வைத்தாள். காது 'ஙொய்' என்றது. பிறகு அவளே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னாடா பாத்துக்கினு இருக்கற, வண்டிய எடு" என்றாள். எடுத்தேன். வேறென்ன செய்வது?

ஊரில் அவளை ரவுடிப் பொம்பளை என்கிறார்கள். கள்ளக்குறிச்சி கோர்ட்டில் அவள் மேல் ஒரு வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு என் ஆட்டோவில்தான் போய் வருகிறாள். அவள் இறங்கிப் போனதும் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்பார்கள்: "அந்த சுண்ணாம்புக் காளவாய்ல கைய ஒடச்சதே, அந்தப் பொம்பளைதானே?" ஆமாம், அந்தப் பொம்பளைதான். ஆனால் கதையை வாலிலிருந்து சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று அங்கே நின்றவன் நான். தலையிலிருந்து நானே சொல்கிறேன்.

என் பெயர் அறிவுச்செல்வன். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு வடக்கனந்தலுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஆள் ஏறுகிற வரைக்கும் காத்திருப்பதுதானே என் தொழில்.

மூக்காயி அக்கா கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையிலிருந்து இன்னும் மேலே நடந்து போக வேண்டிய ஊர். சாமையும் தினையும் போட்ட குடும்பம். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடித்தான். ஒரு வருஷம் வாங்கினாள். அடுத்த வருஷம், தினை குத்திக்கொண்டிருந்த உலக்கையாலேயே திருப்பி ஒன்று போட்டாள். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு போயிற்று. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, "மன்னிப்புக் கேட்டு கால்ல வுழு" என்றது. "அடி ஒதவுறாப்புல அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்னு நீங்கதானே சொல்லுவீங்க. நல்லா ஒதவுச்சு" என்று சொல்லிவிட்டு மலையை விட்டு இறங்கிவிட்டாள். பழமொழி அப்படிச் சொன்னாலும், அவள் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கூடவே இறங்கி வந்தது அவள் தம்பிதான்.

தம்பி கருப்பண்ணன். அக்காவுக்கு நேர் எதிர். நாய் குரைத்தால் வழி மாறிப் போகிற ஆள். யாராவது தோளில் இடித்தால் இடிபட்ட இவன்தான் "தெரியாம பட்டுடுச்சுங்க" என்பான். கல்யாணம் ஒன்று பேசி, பெண் வீட்டார் முன்னால் ஒரு வார்த்தை பேச வராமல் திரும்பி வந்தவன். அவன் பேச வேண்டியதையும், அவன் கொடுக்க வேண்டிய அடியையும் சேர்த்து மூக்காயி அக்காவே பார்த்துக்கொண்டாள். ஒருமுறை லாரி டிரைவர் ஒருத்தன் கருப்பண்ணனை "டேய் மலைக்குரங்கு" என்று கூப்பிட்டான். அக்கா லாரியின் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டு, "இப்ப கூப்புடு" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இரண்டு பேருக்கும் வேலை சுண்ணாம்புக் காளவாயில். வடக்கனந்தலைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே மேட்டை வெட்டிக் கட்டிய பழைய காளவாய். சுற்றிலும் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் சுண்ணாம்புக்கு அங்கேதான் வருவார்கள். மேலே கிணறு மாதிரி ஒரு வாய். அதன் வழியாகச் சுக்கான் கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கொளுத்துவார்கள். மேட்டின் அடியில் இன்னொரு வாய். வெந்த சுண்ணாம்பை அதன் வழியாக இழுத்துக் கொட்டுவார்கள். அந்த அடிவாய்க்குப் போகப் படி இறங்கி ஒரு பள்ளத்துக்குள் போக வேண்டும். அடுக்குவது, தீ பார்ப்பது, இழுப்பது எல்லாம் கருப்பண்ணன் பொறுப்பு. சுமப்பது அக்காவும் மற்றப் பெண்களும்.

பள்ளத்தில் இறங்குவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தட்டில் சூடம் ஏற்றி, கம்பியில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். சூடம் நின்று எரிந்தால் இறங்குவார்கள். குப்பென்று அணைந்தால் யாரும் கால் வைக்க மாட்டார்கள். "ஆத்தா மூச்சு வுட்டுக்கினு இருக்கறா. முடிக்கட்டும்" என்று ஒதுங்கி உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். நான் இதைப் பார்த்திருக்கிறேன். சாமி சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு வழக்கம், கூடைக் கணக்கு. எத்தனை கூடை கல் உள்ளே போனதோ, கிட்டத்தட்ட அத்தனை கூடை சுண்ணாம்பு வெளியே வரும். சுட்டால் கல் இளைக்காது, உருவம் அப்படியேதான் இருக்கும். எடை மட்டும் குறையும். தூக்குகிற பெண்களுக்கு அது தெரியும், போகும்போது கனத்த கூடை வரும்போது இலேசாக இருக்கும். எவ்வளவு இலேசு என்று யாரும் கேட்டதில்லை. கூடை சரியாக இருந்தால் எல்லாம் சரி.

பழைய முதலாளி செத்த பிறகு காளவாயை வாங்கியவர் தெய்வசிகாமணி. கள்ளக்குறிச்சியில் அரிசி மில் வைத்திருப்பவர். வந்த முதல் நாளே மில்லிலிருந்து எடைத் தராசைக் கொண்டுவந்து இறக்கினார். "கூடையா? கூடைய வெச்சி எங்கப்பன் காலத்துல ஏமாத்தலாம்" என்று சிரித்தார். கல் முழுவதையும் எடை போட்டு அடுக்கச் சொன்னார். பத்து டன். எரிந்து ஆறிய பிறகு சுண்ணாம்பை எடை போட்டார். ஐந்தே முக்கால் டன்.

அவருக்கு முகம் கறுத்துப்போனதாம். "மீதி நாலேகால் டன் எங்க?" என்று கேட்டார்.

"சுட்டா லேசாவும்ங்க மொதலாளி" என்றான் கருப்பண்ணன்.

"லேசாவும்னா? கொஞ்சம் கொறையும், ஈரம் போவும். பாதியா போவும்? டேய், நூறு கிலோ நெல்லு போட்டா எனக்கு அறுபத்தஞ்சு கிலோ அரிசி வரும். மீதி உமியா இருக்கும், தவிடா இருக்கும், நொய்யா இருக்கும். கூட்டினா நூறு வரும். உன் கல்லுக்கு உமி எங்கடா?"

அவர் கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். போன எடை எங்கேயாவது இருந்துதான் ஆக வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் சரி. மற்ற எல்லாவற்றிலும் மடையன்.

திருட்டு நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பள்ளத்தைச் சுற்றித் தகரம் அடித்து, மேலேயும் தகரம் போட்டு, கதவு வைத்து, பூட்டுத் தொங்கவிட்டார். வெங்கடேசன் என்று மில்லில் மூட்டை தூக்குகிற தடியன் ஒருத்தனைக் காவலுக்குப் போட்டார். சாவி ஒன்று அவரிடம், இன்னொன்று இழுக்கிற கருப்பண்ணனிடம். அடுத்த சூளையும் பத்து டன் போட்டார்கள். வந்தது மறுபடியும் ஐந்தே முக்கால். பூட்டுப் போட்டும் அதே அளவு குறைந்தால், புத்தி உள்ளவனுக்கு அது திருட்டில்லை என்று புரிய வேண்டும். தெய்வசிகாமணிக்குப் புரிந்தது வேறு. பூட்டுப் போட்ட பிறகும் போகிறது என்றால், சாவி வைத்திருப்பவன்தான் திருடன்.

மூன்றாவது சூளை எரிந்துகொண்டிருந்தது. ஐப்பசி மாசம், மலைப் பக்கம் மழை கட்டிக்கொண்டு நின்றது. நான் வடக்கனந்தல் நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். உச்சி வேளை. மூக்காயி அக்கா ரோட்டில் ஓடி வந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு காதில் தோடு இல்லை, தோடு இருந்த இடத்தில் சதை பிய்ந்து தொங்கியது.

"அறிவு, வண்டிய எடு. நீ படிச்சியே ஒரு படிப்பு, அத்த எடுத்துக்கினு வா."

ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டேன். ஒரு பெரியவர் திட்டினார், திட்டட்டும் என்று விட்டேன். போகிற வழியில் அக்கா சொன்னாள். காலையில் தெய்வசிகாமணி வந்து கருப்பண்ணனைத் தூணில் கட்டினாராம். மில் பெல்ட்டில் அறுத்த ஒரு துண்டை வெங்கடேசன் கையில் கொடுத்து, "எவன் கிட்ட வித்தன்னு சொல்ற வரைக்கும் போடு" என்றாராம். கருப்பண்ணன் முதுகு உரிந்து போகிற வரைக்கும் போட்டார்கள். குறுக்கே விழுந்த அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் தோடு போனது. அப்புறம் அவனிடமிருந்த சாவியையும் பிடுங்கிக்கொண்டு, அவனைப் பள்ளத்துக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். உள்ளேயே கிட, ஞாபகம் வந்தால் கதவைத் தட்டு என்று.

"சூடு தாங்குவானா அக்கா?" என்றேன்.

"தீ மேலதான் இருக்குது. கீழ காத்து உள்ள இழுத்துக்கினு இருக்கும், சூடு தெரியாது. தீ பாக்க அவன் அங்கதானே குந்திக்கினு இருப்பான்." புடவைத் தலைப்பால் காதை அழுத்திக்கொண்டாள். "எனக்கு ரெண்டு வேணும் அறிவு. என் தம்பி உசுரோட வெளிய வரணும். திருடன்னு சொன்னான் பாரு, அதே வாயால திருடலன்னு அவன் சொல்லணும். நான் சொன்னா அடிக்கறான். நீ படிச்சவன். கல்லு எங்க போச்சுன்னு நீ சொல்லு."

எனக்குள் ஒரு வீரம் கிளம்பியது, பொய் சொல்வானேன். மூன்று வருஷம் படித்த படிப்பை ஒருத்தர்கூட என்னிடம் கேட்டதில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே கத்தினேன்.

"சுக்கான் கல்லுன்னா கால்சியம் கார்பனேட்டு அக்கா. கால்சியம் நாப்பது, கார்பன் பன்னண்டு, ஆக்ஸிஜன் பதினாறு, அது மூணு தடவை, நாப்பத்தெட்டு. கூட்டு. நூறு! சூடு பட்டா அது ரெண்டா உடையும். சுண்ணாம்பு அம்பத்தாறு. மீதி நாப்பத்தி நாலு காத்தா போயிடும். பத்து டன் கல்லுக்கு அஞ்சு புள்ளி ஆறு டன் சுண்ணாம்புதான் வரணும். உங்களுக்கு அதுக்கும் மேல வந்திருக்குது, கல்லுல கலந்த களிமண்ணு எரியாது இல்ல, அது. ஒரு பிடிகூட திருட்டுப் போவல!"

"இத்தயே அப்படியே அவன்கிட்ட சொல்லு" என்றாள். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் போனபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. தெய்வசிகாமணி கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெங்கடேசன், கையில் அதே பெல்ட். வேலை செய்கிற பெண்கள் மூலையில் குவிந்து நின்றார்கள். நான் வணக்கம் வைத்துவிட்டு, கீழே கிடந்த சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்துக் கொட்டகைத் தகரத்தில் எழுதினேன். நூறு. ஐம்பத்தாறு. நாற்பத்துநாலு. நிதானமாக, பாடம் நடத்துகிற மாதிரி சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு வெங்கடேசனைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நாலு டன் காத்தா? ஒரு லாரி லோடு காத்து! டேய் ஆட்டோ, காத்துக்கு எடை இருக்குதாடா?"

"இருக்குதுங்க."

எழுந்து வந்து விட்டார் ஓர் அறை. தகரத்தில் போய் மோதினேன். "இவளுக்குக் கூட்டாளியா நீ? உன் வண்டியிலதான் ஏத்திக்கினு போறாளா மூட்டைய? நெருப்பில்லாம பொகையுமாடா?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றேன். வெங்கடேசன் பெல்ட்டை வீசினான். கழுத்தில் நெருப்பு வைத்தாற்போல் இருந்தது. கீழே விழுந்தவனை வயிற்றில் உதைத்தான். அக்கா அவன் முதுகில் பாய்ந்து தோளைக் கடித்தாள். அவளை அவன் சுவரோடு வைத்து மோதினான். நான் வாயில் மண்ணும் ரத்தமுமாகக் கத்தினேன்: "கேஸ் சிலிண்டர்! உங்க வூட்ல கேஸ் சிலிண்டர் இல்லையா? காலி சிலிண்டரத் தூக்கிப் பாத்திருக்கீங்களா, ரொம்புன சிலிண்டரத் தூக்கிப் பாத்திருக்கீங்களா? அதுல இருக்கறது இன்னா?"

தெய்வசிகாமணி கையைத் தூக்கி வெங்கடேசனை நிறுத்தினார். எடை போட்டே பிழைத்த மனுஷன். சிலிண்டர் அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் தகரத்தில் இருந்த எண்களையே பார்த்தார். திருடன் இல்லை என்று சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் தோற்றுப்போக அவருக்கு மனசு வரவில்லை.

"சரிடா. எடை இருக்குதுன்னே வெச்சிக்கோ. அந்த நாலு டன் காத்து இப்ப எங்க இருக்குது? காட்டு."

"மேல்வாய் வழியா போயிருக்கும்ங்க, பொகையோட."

மூக்காயி அக்கா சுவரோரம் கிடந்தபடி தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். புகையே இல்லை. மேல்வாய் மேல் தகரத்தைப் போட்டு மூடி, சுற்றிலும் ஈரமண் அப்பியிருந்தது.

"மேல எவன்டா மூடினது?" என்றாள்.

"மழை வருதில்ல, கல்லு நனைஞ்சா வீணாப் பூடும். நான்தான் மூடச் சொன்னேன்" என்றார் தெய்வசிகாமணி.

அவள் என்னிடம் தவழ்ந்து வந்தாள். குரல் மாறிப்போயிருந்தது. "அறிவு, அந்த நாப்பத்தி நாலு. அந்தக் காத்து சூடத்த அணைக்குமா?"

"அணைக்கும் அக்கா. தீயணைக்கற சிலிண்டர்ல அதத்தான்..."

"மேல ஏறுமா, கீழ எறங்குமா?"

"நம்ம காத்த விட கனம். கீழதான்..."

மேல்வாயை அடைத்தாயிற்று. பள்ளத்துக்குத் தகரச் சுவர், தகரக் கூரை, பூட்டிய கதவு. கணக்கில் நான் காற்றில் விட்ட நாற்பத்துநாலும், மேலே கரி எரிகிற நச்சுக் காற்றும் சேர்ந்து இறங்குவதற்கு இருந்தது ஒரே இடம். அதில்தான் கருப்பண்ணன் உட்கார்ந்திருந்தான். நான் தகரத்தில் எழுதி எழுதி விளக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் கதவைத் தட்டும் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சாவியக் குடுங்க" என்றாள் அக்கா. அவள் அவரைக் கெஞ்சியதை அந்த ஒரு தடவைதான் கேட்டேன். "மொதலாளி, சாவியக் குடுங்க. கால்ல வுழறேன். திருடன்னே வெச்சிக்கோங்க, சாவியக் குடுங்க."

"இதான் பிளானா?" தெய்வசிகாமணி சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "போலீசுக்குச் சொல்லியிருக்கறேன். வர வரைக்கும் ஒருத்தனும் தொறக்கக் கூடாது."

சுவரோரம் கல் பெயர்க்கும் கடப்பாரை சாத்தியிருந்தது. அக்கா அதை எடுத்தாள். வெங்கடேசன் குறுக்கே வந்து பெல்ட்டை ஓங்கினான். ஓங்கிய கையிலேயே கடப்பாரை இறங்கியது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். கோர்ட்டில் நடக்கிறதே வழக்கு, அது இந்தக் கைக்குத்தான். தெய்வசிகாமணி அவள் பின்னால் ஓடினார். நான் அவர் காலைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்தேன். என் முகத்தில் மாறி மாறி உதைத்தார். முன்பல் ஒன்று போயிற்று. காலை மட்டும் நான் விடவில்லை.

இரண்டாவது குத்தில் பூட்டு தெறித்தது. "மூச்ச அடக்கிக்கினு போ அக்கா! உள்ள மூச்சு வுடாத!" என்று கத்தினேன். அவள் உள்ளே இறங்கினாள். பெண்கள் எல்லாம் ஒரே குரலாக "ஆத்தா, ஆத்தா" என்று அலறினார்கள். தம்பியின் அக்குளில் கை கொடுத்துப் பின்பக்கமாகவே படியேறி அவள் வெளியே வந்தபோது, அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. வெளியே விழுந்து, வாயைப் பிளந்து மூச்சை இழுத்தாள்.

கருப்பண்ணன் இழுக்கவில்லை. அவன் விரல் நுனிகள் கிழிந்து, நகங்களுக்குள் தகரத்தின் துரு ஏறியிருந்தது. தட்டியிருக்கிறான், பிறாண்டியிருக்கிறான். கொட்டகையில் இருந்த எங்களுக்கு எங்கள் சண்டைச் சத்தம்தான் பெரிசாக இருந்திருக்கிறது. நான் ஓடிப்போய் மண்டியிட்டு அவன் நெஞ்சில் கை வைத்து அமுக்கத் தொடங்கினேன். ஆட்டோக்காரர்களுக்கு ஒரு முகாமில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

தெய்வசிகாமணி எழுந்து வந்தார். வந்தவர் குனிந்து பார்த்தாரா என்றால் இல்லை. செருப்புக் காலால் கருப்பண்ணனின் பாதத்தைத் தட்டினார். "நடிக்கறான். எழுந்திருடா. காத்தாம், கனமாம், எவன்கிட்டடா கதை வுடறீங்க? உள்ள ஒண்ணும் கிடையாது. நானே போயி நின்னு காட்டறேன், பாருங்கடா எல்லாரும்."

யாரும் அவரைத் தடுக்கவில்லை. எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் கை ஒருத்தன் நெஞ்சில் இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படி இறங்கினார். அடியில் போய் நின்று, இடுப்பில் கை வைத்து எங்களைப் பார்த்து, "இன்னாடா..." என்று ஆரம்பித்தார். பேசுவதற்காக இழுத்த மூச்சுதான் அவரை அடித்தது. முழங்கால் மடிந்து, சுவரைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் சரிந்தார்.

வெங்கடேசன் ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். இறங்கவில்லை. பெண்கள் இறங்கவில்லை. பள்ளத்துக்குள் ஒரு மனுஷன் கிடந்தான், மேலே இத்தனை பேர் நின்றோம்.

"சாவட்டும் வுடு" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அதே நினைப்புதான் எனக்கும் இருந்தது.

மூக்காயி அக்கா எழுந்தாள். தம்பியைத் திரும்பிப் பார்த்தாள், நான் அமுக்கிக்கொண்டிருந்தேன். ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு மறுபடியும் பள்ளத்தில் இறங்கினாள். தெய்வசிகாமணியின் இரண்டு காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு படியிலும் அவர் தலை 'டங்கு டங்கு' என்று மோதியது. மோதட்டும் என்றே இழுத்தாள். வெளியே கொண்டுவந்து சேற்றில் போட்டு, அவர் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாள். அவர் உள்ளே இருந்தது கொஞ்ச நேரம்தான். மழை முகத்தில் விழுந்தது. இருமினார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார்.

திறந்த கண்ணுக்கு மேலே அக்கா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. கை காலை உதறினார். அவள் அசையவில்லை.

"என் தம்பி திருடுனானா? சொல்லு."

"இல்ல" என்றார். குரல் காற்றாக வந்தது.

"இன்னா இல்ல? பேரச் சொல்லு. இவங்க எல்லாருக்கும் கேக்கணும்."

"கருப்பண்ணன் திருடல."

"சத்தமா."

"கருப்பண்ணன் திருடல! திருடல! வுடும்மா என்ன!" என்று தெய்வசிகாமணி அழுதார். அவ்வளவு பெரிய ஆள் மழையில் மல்லாந்து கிடந்து குழந்தை மாதிரி அழுததை அங்கே இருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

அக்கா கடப்பாரையைத் தூக்கிப் போட்டாள். அவர் மேலிருந்து இறங்கி, சேற்றில் முட்டியாலேயே நகர்ந்து எங்களிடம் வந்தாள். என் கைக்கு அடியில் இன்னும் மூச்சு வரவில்லை. கருப்பண்ணனின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஈரத் தலைப்பால் துடைத்தாள். அவன் காதோடு வாயை வைத்துக் கேட்டாள்.

"காதுல வுழுந்துச்சாடா? நீ திருடலயாம். அவனே சொல்லிட்டான்."

அப்போதுதான் நான் அவன் நெஞ்சிலிருந்து கையை எடுத்தேன்.